ஆகாதது வேறு, பழகாதது வேறு

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் ஆரம்பாக்கம். அதன் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கின்றது. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆரம்பாக்கத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி அடுத்து நிற்கும் இடம் தடா. அது ஆந்திர மாநிலம். அங்கே பேச்சில் தெலுங்கு மேலோங்குகின்றது. கடைப் பலகையின் எழுத்து மாறுகின்றது. இலையில் விழும் துவையலும் மாறிப் புளிச்சக்கீரை கோங்கூராப் பச்சடியாக வந்து நிற்கின்றது. ஏரி ஒன்றுதான், ஏரி தரும் மீனும் ஒன்றுதான். ஆனால் கரை மாறும்போது கைப்பக்குவம் மாறிவிடுகின்றது.

அன்பு வாசகர்களே! ஒரு நிலையத் தொலைவிலேயே உணவு இவ்வாறு மாறுமானால், கல்வி தேடிக் கடல் கடந்து செல்லும் பிள்ளையின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஏரிக்கரையில் மடவையும் இறாலும் நண்டும் அன்றாட உணவு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்புவதும், கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதும், அதற்கேற்ப மீன்பாடு கூடுவதும் குறைவதும் இங்குள்ள அடுப்படிகள் நன்கறிந்த கணக்கு. இத்தகைய இல்லம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை அயல்நாட்டு நகரம் ஒன்றுக்குப் படிக்கச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் அவனை வருத்துவது பாடமன்று, மொழியுமன்று, உணவுதான். தட்டில் வைக்கப்பட்டதன் பெயர் அவனுக்குத் தெரியாது. அதன் மணம் அவன் மூக்குக்குப் பழக்கமில்லை. எந்தக் கொழுப்பில் வெந்தது, எவர் கையால் அறுக்கப்பட்டது என்பதும் விளங்காது. தொலைபேசியில் தாய் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டாயா?" என்பது. "சாப்பிட்டேன்" என்று அவன் சொல்லும் விடையில் எவ்வளவு உண்மை இருக்கின்றது என்பதை அவள் உள்ளம் அறியும்.

இந்நிலையில் இளைஞர்கள் இருவகையாக வழுக்கி விழுகின்றனர். ஒருவன், அறியாத உணவையெல்லாம் ஹராம் என்று தள்ளிவிட்டு, ரொட்டியும் தேநீருமாக நாட்களைக் கழிக்கின்றான். உடல் மெலிகின்றது, படிப்பில் மனம் செல்வதில்லை, ஊர் திரும்பும் நாளையே எண்ணிக்கொண்டிருக்கின்றான். மற்றொருவன், ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மார்க்கம் இட்ட வேலியையே தாண்டிவிடுகின்றான். முன்னவன் பழகாததை ஆகாதது என்றான். பின்னவன் ஆகாததை, 'இது வெறும் பழகாததுதான்' என்றான். இருவரும் குழப்பிக்கொண்ட பொருள் ஒன்றே. ஆகாதது வேறு, பழகாதது வேறு. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு விளக்கி அனுப்புகின்றோமா?

ஜும்ஆ நாளில் ஓதும் அத்தியாயம்

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படுவது திருமறையின் 18ஆம் அத்தியாயமாகிய 'அல்கஹ்ஃபு'. அதில் வரும் குகைவாசிகளின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவர்கள் முதியவர்களல்லர்; இளைஞர்கள் என்றே திருமறை அவர்களைக் குறிப்பிடுகின்றது. ஏக இறைவனை நம்பியதற்காக ஊரைத் துறந்து குகையில் ஒதுங்கிய அவர்கள், 309 ஆண்டுகள் உறங்கி எழுந்தனர். எழுந்ததும் பசி. தங்களுள் ஒருவரிடம் வெள்ளி நாணயத்தைக் கொடுத்து நகரத்துக்கு அனுப்பினர். அவர்கள் சொல்லியனுப்பிய சொற்களின் கருத்தைக் கூர்ந்து நோக்குங்கள். நகரத்தில் எவருடைய உணவு தூய்மையானது என்று பார்த்து அதிலிருந்து வாங்கி வர வேண்டும். நயமாகவும் கவனமாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை.

அவர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அடையாளம் தெரிந்துவிட்டால் கல்லெறிந்து கொல்வார்கள், அல்லது பழைய மதத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்ற அச்சம் ஒருபுறம், கடும்பசி மறுபுறம். அந்நிலையிலும், "கிடைத்ததைக் கொண்டு வா" என்று அவர்கள் சொல்லவில்லை. "இந்த ஊர் உணவே வேண்டாம்" என்றும் ஒதுக்கவில்லை. நகரத்துக்குள் செல்ல வேண்டும், தேட வேண்டும், தூய்மையானதைத் தெரிந்தெடுக்க வேண்டும், கைப்பொருள் கொடுத்து வாங்க வேண்டும், அதையும் இனிய முறையில் செய்ய வேண்டும். புதிய நகரத்தில் கால் வைக்கும் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேறு உண்டோ?

அதே அத்தியாயத்தில் இன்னொரு பயணமும் வருகின்றது. அது கல்விக்காகவே மேற்கொண்ட பயணம். நபி மூசா (அலை) அவர்கள், தமக்குக் கற்பிக்க இருக்கும் ஆசிரியரைத் தேடி, தம் இளம் உதவியாளருடன் இரு கடல்கள் சேரும் இடத்தை நாடிச் செல்கின்றார்கள். வழியுணவாக அவர்கள் எடுத்துச் சென்றது மீன். அது உப்பிட்ட மீன் என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பு கூறுகின்றது. களைத்துப்போன மூசா நபியவர்கள் காலை உணவைக் கொண்டுவரும்படி கேட்ட வேளையில்தான், அந்த மீன் வியப்பான முறையில் கடலுக்குள் சென்றுவிட்ட செய்தி அவர்களுக்குத் தெரிகின்றது. அது சென்ற இடமே ஆசிரியரைக் காண வேண்டிய இடம்!

ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே வாழும் மக்களுக்கு இக்காட்சி கண்முன் நிற்கும். கருவாட்டை மூட்டை கட்டிப் பிள்ளையை வழியனுப்பும் தாய்மார் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த உணவு வழிக்குத் துணை. அது முடிந்துபோகும் இடத்தில்தான் சில வேளைகளில் கல்வி தொடங்குகின்றது.

அன்னை மைமூனா அவர்களின் இல்லத்தில்

ஆகாததற்கும் பழகாததற்கும் உள்ள எல்லைக்கோட்டை வரைந்து காட்டும் நிகழ்ச்சி ஒன்று, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முன்னால் சுட்ட இறைச்சி வைக்கப்பட்டது. பெருமானார் கை நீட்டினார்கள். அது 'ளப்பு' எனும் பிராணியின் இறைச்சி என்று தெரிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். ளப்பு என்பது நம் நாட்டு உடும்பன்று. செடிகொடிகளைத் தின்று வாழும் பாலைநிலத்துப் பிராணி. உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், "இது ஹராமா?" என்று வினவினார்கள். அண்ணலார் அளித்த விடையின் கருத்து: விலக்கப்பட்டதன்று, ஆனால் என் மக்கள் வாழும் மண்ணில் அது இல்லை, ஆதலால் என் மனம் அதை ஏற்கவில்லை. காலித் அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் எத்துணைப் பெரிய பாடம்! தமக்குப் பிடிக்கவில்லை என்பதால் அண்ணலார் அதை ஹராமாக்கவில்லை. ஹராமன்று என்பதால் தம்மை வற்புறுத்தி உண்ணவும் இல்லை. தம் நாவுக்கு ஒவ்வாததை மற்றொருவர் உண்பதைக் கண்டு முகம் சுளிக்கவுமில்லை. நாவின் விருப்பு வெறுப்பு வேறு. இறைவனின் கட்டளை வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். விடுதி உணவை நாள்தோறும் பழித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

மதீனாவின் அளவைகள்

புதிய ஊரில் உடலும் உள்ளமும் ஒத்துவராத துன்பம் ஸஹாபிகளுக்கும் நேர்ந்தது. மக்காவிலிருந்து மதீனா சென்ற தொடக்கத்தில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தனர். மக்காவின் புல்லையும் சுனையையும் நினைத்து ஏங்கினார் பிலால். இதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தபோது, பெருமானார் இறைவனிடம் இறைஞ்சினார்கள். மக்காவை நேசிப்பது போல், அதைவிடவும் அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக. அதன் 'ஸாவு', 'முத்து' ஆகிய அளவைகளில் அருள்வளம் தருவாயாக என்பது அந்த இறைஞ்சலின் சாரம்.

ஸாவும் முத்தும் யாவை? தானியமும் பேரீச்சம்பழமும் அளக்கும் படிகள்! ஊரை நேசிக்கச் செய் என்று வேண்டிய அதே மூச்சில், அவ்வூரின் உணவளக்கும் படிகளுக்கும் வளம் வேண்டினார்கள் அண்ணலார். ஓர் ஊரின் உணவோடு ஒத்துப்போகாமல் அவ்வூரோடு உறவு கொள்ள இயலாது என்பதும் இதிலிருந்து விளங்கவில்லையா? அயலூரில் படிக்கும் பிள்ளைக்காகத் துஆ செய்யும் பெற்றோர், "என் பிள்ளை நல்லபடியாகத் திரும்ப வேண்டும்" என்று மட்டும் கேட்கின்றனர். அங்கே அவன் உண்ணும் உணவில் பரக்கத்தையும் கேட்பது நபிவழி.

மாணவர் இல்லத்தில் மொராக்கோப் பயணி

மார்க்க அறிஞர்கள் பயணத்தில் எவ்வாறு உண்டனர் என்பதற்கு இப்னு பதூதாவின் பயண வரலாறு சுவையான சான்று தருகின்றது. மொராக்கோவில் பிறந்த அப்பெரும் பயணி, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு நகரை அடைந்தார். அங்கே அவர் தங்கவைக்கப்பட்ட இடம் கல்வி பயில்வோருக்கான இல்லம். நெய்யிட்டு ஆக்கிய சோறும், அதன்மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் கலந்த தொடுகறிகளும் அவருக்குப் பரிமாறப்பட்டன. பாலில் சமைத்த வாழைக்காய் தனியாக வந்தது. உப்பிலிட்ட எலுமிச்சை, மிளகு, பச்சை இஞ்சி, மாங்காய் ஆகியவை தயிருடன் வந்தன. ஒரு கவளம் சோற்றுக்குப் பின் சிறிது ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் முறையையும் அவர் வியந்து குறித்துள்ளார். நமக்கு அன்றாடப் பழக்கமான ஊறுகாய், அவருக்குப் புதுமை! அவர் அதைப் பழிக்கவில்லை; ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார்.

பின்னர் அவர் மலபார்க் கரைக்கு வந்தபோது, இன்று ஏழிமலை என வழங்கும் ஹீலி நகரின் பள்ளிவாசலைக் கண்டார். அங்கே மாணவர் பலர் கல்வி பயின்றனர். பள்ளிவாசலின் வருவாயிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை அளிக்கப்பட்டது. வழிப்போக்கருக்கும் ஏழை முஸ்லிம்களுக்கும் உணவளிக்கச் சமையற்கூடமும் இருந்தது. அவர் அங்கே சந்தித்த மார்க்க அறிஞர் யார் தெரியுமா? மொகதிஷுவைச் சேர்ந்த ஸயீத் என்பவர்! மக்காவில் 14 ஆண்டுகளும் மதீனாவில் அதே அளவு காலமும் கற்று, இந்தியாவிலும் சீனாவிலும் பயணம் செய்தவர் என்று அவரைப் பற்றி இப்னு பதூதா குறிப்பிடுகின்றார். இத்தனை ஊர்களின் அடுப்படிகள் அந்த அறிஞருக்கு உணவளித்திருக்க வேண்டும். எல்லா ஊரிலும் தம் தாயகத்து உணவையே தேடியிருந்தால் அவர் மொகதிஷுவைத் தாண்டியிருப்பாரா?

இலண்டனில் காத்த சபதம்

பழகுதல் என்றால் எல்லாவற்றுக்கும் இணங்குதல் என்று எண்ணுவோருக்கு, நம் நாட்டின் அண்ணல் காந்தியடிகளின் மாணவப் பருவம் நல்ல விடை. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சட்டம் பயில அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். மதுவையும் மாதரையும் இறைச்சியையும் தீண்டுவதில்லை என்று தாயின் முன்னிலையில் சபதம் செய்திருந்தார். கப்பலில், ஊரிலிருந்து கொண்டுசென்ற இனிப்புகளையும் பழங்களையுமே பெரும்பாலும் உண்டார். இறைச்சி உண்ணாமல் இங்கிலாந்தில் வாழ முடியாது என்று பலர் அறிவுரை கூறினர். தங்கிய இடங்களில் அரைவயிறாகவே இருந்தார். ஆயினும் சோர்ந்து அறையில் அமர்ந்துவிடவில்லை. நாள்தோறும் நகரத்தில் நெடுந்தூரம் நடந்து தேடி, பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான் என்று தம் வரலாற்றில் பதிந்துள்ளார்.

நாம் கவனிக்க வேண்டியது அதன் பின்னர் நிகழ்ந்தது. ஊரிலிருந்து வரவழைத்த இனிப்பையும் மசாலாப் பொருள்களையும் அவர் நாளடைவில் விட்டுவிட்டார். மசாலா இல்லாமல் அவித்த கீரை, முன்பு சப்பென்று இருந்தது, பின்பு சுவைக்கத் தொடங்கியது. சபதத்தில் இம்மியும் தளரவில்லை. சுவையில் முழுவதும் மாறினார். நம் மார்க்க விதிகள் அவருடைய சபதத்தினின்று வேறானவை. எனினும் ஆகாததை விலக்கிக்கொண்டே பழகாததைப் பழகிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சிறந்த சான்று.

நெத்தலி சொல்லும் செய்தி

இன்று மலேசியாவுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். பினாங்கில் 1969இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. கோலாலம்பூரை அடுத்து, 1983இல் தோன்றிய பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் உண்டு. அங்கே காலை உணவாக வாழையிலையில் பொதிந்து தரப்படும் 'நாசி லெமாக்' முதலில் புதிராகத் தோன்றும். பிரித்துப் பார்த்தால், தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்தலி, வேர்க்கடலை, மிளகாய்ச் சம்பல். அந்தச் சம்பலுக்கு மணமூட்டும் 'பிளாச்சான்', நம் கரையோரத்துச் சென்னாக்கூனி போன்ற பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்தது. ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இவற்றுள் எது அந்நியம்? சேர்மானம் புதிது, சேர்ந்தவை உறவினர்!

பினாங்கின் புகழ்பெற்ற 'நாசி கண்டார்' நம் தமிழ் முஸ்லிம்கள் அந்நகருக்கு அளித்த உணவு. தோளில் தண்டைச் சுமந்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தொங்கவிட்டு அவர்கள் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர் அது. பிழைக்கப் போன இடத்தில் பிறர் உணவுக்கும் பழகினர். தம் உணவுக்கும் பிறரைப் பழக்கினர். அதே நகரில் 1801ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அவர்களின் நினைவாக நிற்கின்றது. பள்ளிவாசலையும் விடவில்லை; அடுப்பையும் அணைக்கவில்லை.

முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள நாடுகளில் தேடுதல் சற்றுக் கடினம். ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே ஐயத்துக்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்பது நபிமொழியின் கருத்து. ஐயம் எழுந்தால் கேளுங்கள். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட சேர்மானத்தைப் படியுங்கள். அவ்வூர்ப் பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். ஜும்ஆவுக்கு வந்தவர்களிடம் விசாரித்தால் இறைச்சிக்கடை எங்கே என்பது தெரிந்துவிடும். கூடவே நல்ல நட்பும் கிடைக்கும். அதுவரை மீனும் முட்டையும் பருப்பும் காய்கனியும் போதுமானவை.

வீண் ஐயமும் கூடாது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவந்த இறைச்சியைப் பற்றி, இறைவன் பெயர் சொல்லி அறுத்தார்களோ இல்லையோ என்று சிலர் கேட்டபோது, நீங்கள் இறைவன் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

கடல் உணவில் இறைவன் வைத்த விரிவு பெரிது. கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டதைத் திருமறையின் 5ஆம் அத்தியாயம் 96ஆம் வசனம் அறிவிக்கின்றது. அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற 300 பேர், நாளுக்கு ஆளுக்கொரு பேரீச்சம்பழம் என்ற நிலைக்கு வந்தபோது, கடல் ஒதுக்கிய பெருமீனே அவர்களைக் காத்தது. இறால், நண்டு ஆகியவற்றில் ஹனபி, ஷாபி மத்ஹபுகளின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. விடுதியில் இரு மத்ஹபு மாணவரும் ஒரே மேசையில் அமர நேரும்போது, ஒருவர் தட்டை மற்றவர் ஏளனம் செய்தல் தகாது. காலித் அவர்கள் உண்டதை அண்ணலார் பார்த்திருந்த அந்தப் பெருந்தன்மை அங்கே வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளையை அனுப்புமுன் பெட்டி நிறைய ஊறுகாயும் பொடியும் அடுக்குகின்றீர்கள், நன்று. ஆனால் அவை இரண்டு திங்களில் தீர்ந்துவிடும். தீராத பொருள் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். மகனாயினும் மகளாயினும் உலை வைக்கவும், மீன் கழுவவும், ஒரு குழம்பு கூட்டவும் கற்றுக்கொடுங்கள். 'ஆண்பிள்ளைக்கு அடுப்படி எதற்கு?' என்று கேட்பவர்கள், அண்ணலார் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை எண்ணிப் பார்க்கட்டும். சமைக்கத் தெரிந்தவன் அயல்நாட்டில் பசித்திருப்பதில்லை. பசிக்காக வேலி தாண்டுவதுமில்லை.

தெளிவாக விலக்கப்பட்டவற்றின் பட்டியல் சிறியது. பன்றியிறைச்சி, தானாகச் செத்தது, இரத்தம், இறைவனல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டது, மது ஆகியவற்றை ஒரு பிள்ளை ஐந்து விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். இதை அழுத்தமாகச் சொல்லி, மற்றவற்றைத் தேடித் தெரிந்துகொள்ளும் துணிவையும் ஊட்டுங்கள். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்று நபிமொழி கூறுகின்றது. பிள்ளை ஆக்கிய மீன்குழம்பில் ஒரு கிண்ணம் அடுத்த அறை மாணவனுக்குச் செல்லட்டும். அவன் ஊர் உணவு, ஆகுமானதாயின், நம் பிள்ளையின் தட்டுக்கு வரட்டும். அதன்பின் அந்நகரம் அவனுக்கு அந்நியமாக இராது.

இந்த வெள்ளியன்று கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதும்போது, வெள்ளி நாணயத்துடன் நகரத்துக்குள் நுழைந்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கும் அதைச் சொல்லுங்கள். கல்வி தேடிச் சென்ற நம் மக்கள் அனைவருக்கும் வல்ல இறைவன் தூய உணவையும், தெளிந்த அறிவையும், சென்ற இடத்தில் நேசத்தையும் அருள்வானாக! ஆமீன்.